லாரியில் லோடு எதனால் நிற்கிறது? பட்டை, சங்கிலி, கைக்கருவிகள் பற்றி ஒரு விளக்கம்

ஓடும் லாரியிலிருந்து குழாய்க் கட்டோ, இரும்புச் சுருளோ, இயந்திரமோ சாலையில் விழுந்தால், "கட்டு அறுந்துவிட்டது" என்றுதான் முதல் செய்தி வருகிறது. அடுத்த கேள்வி, "இன்னும் இறுக்கிக் கட்டியிருக்கக் கூடாதா?" என்பது. இரண்டும் விஷயத்தின் ஓரத்தை மட்டுமே தொடுகின்றன. பட்டை அறுபடாமல், முடிச்சு அவிழாமல், கொக்கி கழலாமல் இருக்கும்போதே அதன் அடியில் லோடு வழுக்கிப் போக முடியும். நல்ல பலசாலி தன் முழு பலத்தையும் போட்டு இறுக்கிய கட்டும் போதாமல் போகலாம்.

இது ஏன் என்று புரிய வேண்டுமானால், லாரித் தளத்தில் லோடை உண்மையில் பிடித்து வைத்திருப்பது எது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கைக்கருவிகளின் வேலையும், அவற்றின் எல்லையும், அவை கையை உடைக்கும் விதமும் அதற்குப் பிறகு தானாகவே விளங்கும்.

பிரேக் போடும்போது என்ன நடக்கிறது

லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் மேலிருக்கும் லோடும் அதே வேகத்தில் போகிறது. பிரேக் சக்கரங்களை நிறுத்துகிறது. சக்கரங்கள் லாரியை நிறுத்துகின்றன. லோடை நிறுத்த பிரேக்குக்கு நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. தளத்தின் உராய்வோ, முன்தடுப்போ, கட்டோ அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். எதுவும் பிடிக்கவில்லையென்றால் லோடு தன் பழைய வேகத்திலேயே முன்னால் போய்க்கொண்டிருக்கும்.

எவ்வளவு விசையைத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்பதற்கு ஐரோப்பியத் தரநிலையும் அமெரிக்க விதிகளும் கிட்டத்தட்ட ஒரே எண்களைச் சொல்கின்றன:

1. முன்பக்கம்: லோடின் எடையில் 0.8 பங்கு. திடீர் பிரேக்கில் வருவது இது.
2. பக்கவாட்டில்: எடையில் 0.5 பங்கு. வளைவிலும், சட்டென்று ஒதுங்கும்போதும் வருவது.
3. பின்பக்கம்: எடையில் 0.5 பங்கு. புறப்படும்போதும், மேட்டில் ஏறும்போதும், பின்னோக்கி வரும்போது பிரேக் போட்டாலும் வருவது.

2,000 கிலோ பெட்டி என்றால், கடும் பிரேக்கில் அதை 1,600 கிலோ எடைக்குச் சமமான விசை முன்னால் தள்ளுகிறது என்று பொருள். (இந்தக் கட்டுரை முழுவதும் விசையைக் கிலோ எடையாகவே சொல்கிறேன். பட்டை லேபிள்களில் இருக்கும் டெகாநியூட்டன் என்ற அலகும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமம்தான்.)

பெட்டிக்கும் முன்தடுப்புக்கும் நடுவில் விடப்படும் இடைவெளியைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. தளம் ஓரளவு வழுக்கலாக இருந்து, இடைவெளி ஒரே ஒரு மீட்டர் என்று வையுங்கள். கட்டாத பெட்டி கடும் பிரேக்கில் அந்த ஒரு மீட்டரைக் கடந்து தடுப்பில் மோதும்போது, தடுப்பைப் பொறுத்து அதன் வேகம் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். கேட்க மெதுவான வேகம். ஆனால் மோதுவது 2 டன். தடுப்புக்கு அந்தப் பக்கம் டிரைவரின் முதுகு. லோடை முன்தடுப்போடு ஒட்டி வைத்தால் இந்த மோதலே இல்லை. எடை அச்சுகளில் சரியாகப் பரவுவதற்காக இடைவெளி விட்டே ஆக வேண்டும் என்றால், அந்த இடத்தை மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்து நிரப்ப வேண்டும். அந்தத் தடுப்பு இந்த விசையைத் தாங்கும்படி கட்டப்பட்டதுதானா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லா முன்தடுப்பும் அப்படிப்பட்டதல்ல.

"கனமானது, நகராது"

லோடு ஏற்றும் இடங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆபத்தான பேச்சும்கூட.

கனமான பொருளைக் கையால் தள்ள முடிவதில்லை. அதனால் லாரியிலும் அது நகராது என்று மனம் நம்பிவிடுகிறது. எடை கூடினால் தளத்தோடு உள்ள உராய்வு கூடுகிறது என்பது சரி. ஆனால் பிரேக் போடும்போது அதை முன்னால் தள்ளும் விசையும் அதே அளவில் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். 200 கிலோ பெட்டி வழுக்கும் அதே பிரேக்கில், அதே தளத்தில், 20 டன் பெட்டியும் வழுக்கும். நகருமா நகராதா என்பதைத் தீர்மானிப்பது எடையல்ல. இரண்டு பரப்புகளுக்கு நடுவே உள்ள பிடிப்பு.

அந்தப் பிடிப்பை உராய்வு எண் என்கிறோம். எடையில் எத்தனை பங்கை உராய்வே தாங்கும் என்பதுதான் அதன் பொருள்.

1. இழைத்த இரும்பு இரும்பின் மேல், அதுவும் எண்ணெய்ப் பிசுக்கோடு: 0.1 முதல் 0.2.
2. அறுத்த மரம் சுத்தமான பிளைவுட் தளத்தின் மேல்: சுமார் 0.45.
3. லோடு பிடிப்புக்கென்றே வரும் ரப்பர் பாய்: சுமார் 0.6.

முன்பக்கம் தேவை 0.8. ஆக, எந்தத் தளத்திலும் உராய்வு மட்டும் போதாது. பற்றாக்குறை எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம்.

இந்த எண்களெல்லாம் சுத்தமான தளத்துக்கு. மணல், நெல், மரத்தூள், எண்ணெய், ஈரம் இதில் ஏதாவது கிடந்தால் கதை மாறிவிடும். பெட்டிக்கு அடியில் சிக்கிய மணல் துகள்கள் குட்டிக் குட்டி உருளைகளாக வேலை செய்யும். அதனால் லோடு கட்டும் வேலையின் முதல் கைக்கருவி துடைப்பம் என்று தயங்காமல் சொல்லலாம். ஏற்றியபிறகு அதை எடுத்துப் பயனில்லை.

பட்டை உண்மையில் செய்வது

லோடைக் கட்ட இரண்டு அடிப்படை முறைகள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்வதிலிருந்துதான் பாதித் தவறுகள் வருகின்றன.

முதல் முறை அமுக்கிக் கட்டுவது. பட்டையை லோடின் மேலே போட்டு, இரு பக்கமும் தளத்தின் ஓரத்தில் மாட்டி இறுக்குவது. பார்த்தால் பட்டை லோடைப் பிடித்து வைத்திருப்பது போலத் தோன்றும். உண்மையில் அது லோடைக் கீழ்நோக்கி அமுக்குகிறது, அவ்வளவுதான். அந்த அமுக்கத்தால் உராய்வு கூடுகிறது. கூடிய உராய்வுதான் லோடை நிறுத்துகிறது. இங்கே முக்கியமானது பட்டை எவ்வளவு தாங்கும் என்பதல்ல. நீங்கள் கையால் எவ்வளவு இறுக்கினீர்கள் என்பது.

இரண்டாவது நேராகப் பிடித்துக் கட்டுவது. லோடிலேயே உள்ள வளையத்திலோ கொக்கியிலோ சங்கிலியை மாட்டி, தளத்தின் மூலைகளுக்குக் குறுக்காக இழுத்துக் கட்டுவது. புல்டோசர், டிராக்டர், ரோலர் போன்றவற்றை இப்படித்தான் கட்ட வேண்டும். லோடு நகர முயலும்போது சங்கிலி தானே விறைத்து அதைத் தடுக்கிறது. இங்கே முன்கூட்டி இறுக்குவது தொய்வை எடுக்கும் அளவுக்கு இருந்தால் போதும். கணக்கில் வருவது சங்கிலியின் முழுத் தாங்குதிறன். கட்டும்போதே சங்கிலியை அதன் திறனில் பாதிக்கு மேல் இறுக்கிவிட்டால், உண்மையான பிரேக் வரும்போது தாங்க மிச்சம் குறைவாகத்தான் இருக்கும். பலத்தையெல்லாம் போட்டு இறுக்குவது இந்த முறையில் பாதுகாப்பைக் குறைக்கிறது.

2 டன் பெட்டியை வைத்து ஒரு கணக்கு

எண்களில் பார்த்தால்தான் இது மனதில் பதியும். 2,000 கிலோ பெட்டி ஒன்று, முன்தடுப்பில் முட்டாமல் தளத்தின் நடுவில் நிற்கிறது. மேலே பட்டை போட்டு அமுக்கிக் கட்டப் போகிறோம். சாதாரண 50 மில்லிமீட்டர் ராட்செட் பட்டை (ராட்செட் என்பது கைப்பிடியை ஆட்டி ஆட்டிப் பட்டையை இறுக்கும் பற்சக்கரக் கருவி). கையால் இறுக்கினால் அதில் நிற்கும் இழுவிசை 300 கிலோ என்று கொள்வோம். பட்டை இரு பக்கமும் செங்குத்தாக இறங்கினால், பக்கத்துக்கு 300 வீதம் 600 கிலோ அமுக்கம்.

1. தளத்தின் உராய்வு 0.4. தேவை 1,600 கிலோ. பெட்டியின் சொந்த எடையால் வரும் உராய்வு 800. பற்றாக்குறை 800. ஐரோப்பியத் தரநிலை முன்பக்கத்துக்கு வைக்கும் 1.25 மடங்கு பாதுகாப்பைச் சேர்த்தால் 1,000. ஒரு பட்டை தரும் கூடுதல் உராய்வு 600-இல் 0.4 பங்கு, அதாவது 240. ஆக 5 பட்டைகள்.
2. அதே தளத்தில் மணல் கிடந்து, உராய்வு 0.2 ஆகிவிட்டது. சொந்த உராய்வு 400 மட்டுமே. ஒரு பட்டை தருவதும் 120-ஆகக் குறைந்துவிட்டது. இப்போது 13 பட்டைகள் வேண்டும்.
3. பெட்டிக்கு அடியில் ரப்பர் பாய், உராய்வு 0.6. சொந்த உராய்வே 1,200. ஒரு பட்டைக்கு 360. 2 பட்டைகள் போதும்.
4. பாய் இல்லை, உராய்வு 0.4, ஆனால் பெட்டி தாழ்வானது. பட்டை இரு பக்கமும் தளத்தோடு 30 டிகிரி சாய்வில்தான் இறங்குகிறது. அமுக்கம் பாதியாகிவிடும். 9 பட்டைகள் வேண்டும்.
5. பெட்டி பலமான முன்தடுப்போடு ஒட்டி நிற்கிறது, உராய்வு 0.4. முன்பக்கத்தைத் தடுப்பு பார்த்துக்கொள்ளும். பக்கவாட்டு, பின்பக்கத் தேவைக்குக் கணக்குப்படி ஒரே பட்டை போதும். பெட்டி திரும்பிக்கொள்ளாமலிருக்க இரண்டாகப் போட வேண்டும்.

ஒரே பெட்டி, ஒரே பட்டை, ஒரே கைபலம். 2-லிருந்து 13 வரை போகிறது எண்ணிக்கை. இந்த வித்தியாசத்தை எந்தப் பலசாலியும் இறுக்கி ஈடுகட்ட முடியாது. பெருக்குவது, பாய் விரிப்பது, ஒட்டி ஏற்றுவது ஆகிய மூன்றும் ராட்செட்டைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டிய வேலைகள்.

கோணத்துக்கு ஒரு நினைவுக் கணக்கு: தளத்தோடு பட்டை 90 டிகிரியில் இறங்கினால் இழுவிசை முழுதும் அமுக்கமாகும். 60 டிகிரியில் 87 சதவீதம், 45-இல் 71, 30-இல் 50. தாழ்வான, அகலமான லோடுகளைப் பட்டை போட்டு அமுக்குவது அதனால்தான் எப்போதும் நஷ்டக் கணக்காக முடிகிறது. அவற்றை நேராகப் பிடித்துக் கட்டும் முறைக்குப் போய்விடுவது நல்லது.

உயரமான லோடுக்குச் சிக்கல் வேறு: வழுக்குவதற்கு முன் கவிழும். ஈர்ப்பு மையம் 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், பக்கவாட்டு 0.5 பங்கு விசைக்குக் கவிழாமல் நிற்க அடிப்பாகம் குறைந்தது 1 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். அதைவிட ஒல்லியான பொருளுக்கு உராய்வு எவ்வளவு இருந்தாலும் உதவாது. மேல்பாகத்தைப் பக்கவாட்டில் பிடித்துக் கட்டியாக வேண்டும்.

லேபிளில் உள்ள எண்களைப் படிப்பது

பட்டையில் தைத்திருக்கும் சின்ன லேபிளில் பெரிய எழுத்தில் 2,500 அல்லது 5,000 என்று இருக்கும். இந்தப் பட்டை லோடை 5 டன் விசையோடு அமுக்குகிறது என்று அதைப் பார்த்து நினைத்துக்கொள்வது மிகப் பரவலான தவறு. அந்த எண் பட்டை தாங்கக்கூடிய விசை. அதே பட்டையை வளையமாகப் போட்டால் இரட்டிப்பாகும் என்பதால்தான் 2,500, 5,000 என்று இரண்டு எண்கள் வருகின்றன.

அமுக்கிக் கட்டுபவர் பார்க்க வேண்டிய எண் வேறொன்று. ஐரோப்பியத் தரநிலைப்படியான லேபிளில் அது எஸ்.டி.எஃப். என்ற எழுத்துகளோடு இருக்கும். ராட்செட் கைப்பிடியை 50 கிலோ விசையோடு இழுத்தால் பட்டையில் எவ்வளவு இழுவிசை நிற்கும் என்பதைச் சொல்லும். சாதாரண ராட்செட்டுக்கு இது 300 - 350 அளவில் இருக்கும். நீளக் கைப்பிடி ராட்செட்டுக்கு 500 வரை போகும். நமது முதல் கணக்கில் 5 பட்டை தேவைப்பட்ட இடத்தில் 500 கிலோ ராட்செட் இருந்தால் 3 போதும். 5 டன் தாங்கும் பட்டை அமுக்குவது 300 கிலோ வீதம்தான் என்பது முதல்முறை கேட்பவருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான்.

லேபிள் கிழிந்து போன பட்டைக்குத் திறன் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. அதை ஒதுக்கிவிட வேண்டும். ஓரத்தில் வெட்டு விழுந்தது, வெல்டிங் பொறி பட்டு உருகியது, ரசாயனம் பட்டு விறைத்தது, இடையில் முடிச்சுப் போட்டது, அறுந்த இடத்தில் கையால் தைத்தது எல்லாவற்றையும் சேர்த்துத்தான். தூக்குவதற்கு இந்தப் பட்டைகளை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

ராட்செட்: பக்கத்தில் நின்று பார்த்தால்

ராட்செட்டின் நடுவில் பிளவுள்ள உருளை ஒன்று இருக்கிறது. பட்டையின் தளர்ந்த முனையை அந்தப் பிளவில் நுழைத்து, முதலில் கையாலேயே தொய்வு முழுவதையும் இழுத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் கைப்பிடியை ஆட்டத் தொடங்கினால், இறுக்கம் வருவதற்குள் உருளையில் பட்டை மொத்தமாகச் சுற்றிக்கொண்டு, ராட்செட் சட்டத்தில் முட்டி, மேலே இறுக்கவும் முடியாது, பிறகு அவிழ்க்கவும் முடியாது. உருளையில் குறைந்தது ஒன்றரைச் சுற்று இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பட்டை வழுக்கி வெளியே வந்துவிடும். மூன்று சுற்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டை ஒரு பக்கமாக ஏறிச் சுற்றினாலும் சரிப்படாது. பிளவின் நடுவிலேயே நிற்க வேண்டும்.

கடைசி அசைவில் கைப்பிடியை முழுதும் மடக்கி, பூட்டு நாக்கு பள்ளத்தில் விழும் சத்தத்தைக் கேட்க வேண்டும். பாதியில் நிற்கும் கைப்பிடி ஓட்டத்தின் அதிர்வில் திறந்துகொள்ளும்.

அப்புறம் அந்தக் குழாய். கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி இறுக்குவதை எங்கும் பார்க்கலாம். கைப்பிடி இரட்டிப்பு நீளமானால் அதே கைபலத்தில் இரட்டிப்பு விசை உருளைக்கும், பல்லுக்கும், நாக்குக்கும் போகிறது. அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பல் உடைந்தால் குழாய் திரும்பி வரும் வழியில் இறுக்குபவரின் தாடையோ விலா எலும்போதான் இருக்கும். கூடுதல் இறுக்கம் வேண்டுமானால் நீளக் கைப்பிடி ராட்செட்டை வாங்க வேண்டும், அல்லது இன்னொரு பட்டை போட வேண்டும்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. ராட்செட் இருக்கும் பக்கம் 300 கிலோ இழுவிசை நின்றாலும், பட்டை லோடின் இரண்டு மூலைகளில் உரசிக்கொண்டு போவதால் மறுபக்கம் அதைவிடக் குறைவாகத்தான் போய்ச் சேரும். எல்லா ராட்செட்டையும் வசதிக்காக ஒரே பக்கம் வைத்தால், லோடின் ஒரு பக்கம் நன்றாக அமுங்கி மறுபக்கம் லேசாக நிற்கும். ஒன்று விட்டு ஒன்று பக்கம் மாற்றி வைக்க வேண்டும். மூலைகளில் மூலைக்காப்பு வைத்தால் பட்டை வழுக்கிப் போய் இழுவிசை ஓரளவு சமமாகும், கூர்மையான விளிம்பில் பட்டை அறுபடவும் செய்யாது. இரும்புத் தகடு, கான்கிரீட், கல் இவற்றின் விளிம்பில் காப்பில்லாமல் பட்டை போடக் கூடாது. விளிம்பு உடனே வெட்டிவிடாது. ஒவ்வொரு குலுக்கலிலும் ரம்பம் போலக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும்.

சங்கிலியும் லோடு பைண்டரும்

சங்கிலியை இறுக்க இரண்டு வகை பைண்டர்கள் உண்டு. ராட்செட் பைண்டரில் நடுவே திருகு மரை இருக்கிறது. கைப்பிடியை ஆட்ட ஆட்ட இரு முனைக் கொக்கிகளும் மெல்ல நெருங்கி வரும். அவிழ்க்கும்போதும் அதே மாதிரி மெல்லத் தளரும்.

லீவர் பைண்டர் வேறு விதம். நீண்ட நெம்புகோலை ஒரே வீச்சில் மறுபக்கம் சாய்த்தால், நடுப்புள்ளியைத் தாண்டியதும் சங்கிலியின் இழுவிசையே அதைப் பூட்டிவிடும். வேகமான வேலை. அதே குணம்தான் அவிழ்க்கும்போது ஆளை அடிக்கிறது. பூட்டிய லீவரைத் தூக்கத் தொடங்கும்போது கனமாக இருக்கும்; நடுப்புள்ளி வந்ததும் சங்கிலியில் தேங்கியிருந்த விசை முழுதும் ஒரு நொடிக்குள் லீவரில் இறங்கும். கை அதைத் தடுக்க முடியாது. அந்த நேரத்தில் லீவரின் மேல் குனிந்திருந்தவருக்கு முகத்தில் விழும். குழாய் செருகியிருந்தால் அந்தக் குழாய் கழன்று பறக்கும். இறுக்கும்போது குழாயால் இரட்டிப்பு விசை ஏற்றியவர் அவிழ்க்கும்போது அதே இரட்டிப்பு விசையைச் சந்திக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. இறுக்கும் கருவியைத் திறக்கும்போது அதன் கைப்பிடி 150 மில்லிமீட்டருக்கு மேல் எகிறக் கூடாது என்று ஐரோப்பியத் தரநிலை நிபந்தனை வைத்திருப்பது இந்த அடியை நினைத்துத்தான். தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் ராட்செட் பைண்டரையே எடுப்பது நல்லது. சில நிமிடங்கள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

லீவர் பைண்டர்தான் கையில் இருக்கிறது என்றால்:

1. தளத்தின் மேலோ லோடின் மேலோ ஏறி நின்று இயக்காமல், தரையில் இரு காலும் ஊன்றி நிற்க வேண்டும்.
2. லீவர் எகிறும் பாதையிலிருந்து தலையும் உடம்பும் விலகியிருக்க வேண்டும்.
3. உள்ளங்கையை விரித்து அடியிலிருந்து மேலே தள்ள வேண்டும். விரல்களால் சுற்றிப் பிடித்தால் எகிறும்போது கையையும் சேர்த்து இழுத்துப் போகும்.
4. பூட்டியபின் மிச்சச் சங்கிலியை லீவரின் மேல் சுற்றிக் கட்டிவிட வேண்டும், வழியில் திறக்காமலிருக்க.

ட்ரெய்லர் ஓரத்தில் பொருத்திய வின்ச்சை, அதாவது பட்டையைச் சுற்றி இறுக்கும் உருளையை, திருகும் கடப்பாரைக்கும் இதே எச்சரிக்கைதான். கடப்பாரையின் முனை துளைக்குள் முழுதும் போயிருக்கிறதா என்று பார்த்தபிறகே எடையைப் போட வேண்டும். தேய்ந்து வழவழப்பான முனை வழுக்கி வெளியே வந்தால் ஆள் அப்படியே தரையில் விழுவார்.

கயிறு

லேசான, அமுங்கக்கூடிய லோடுக்கும் தார்ப்பாய்க்கும் கயிறு இன்றும் நல்ல கருவிதான். கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, முனையைக் கொக்கியில் திருப்பி அந்தக் கண்ணி வழியாக இழுத்துக் கட்டும் லாரி முடிச்சு கோட்பாட்டளவில் கைபலத்தை மூன்று மடங்காக்கும். கயிறு கயிற்றோடு உரசுவதில் நிறைய போய்விடும் என்பதால் நடைமுறையில் மிகக் குறைவாகவே கிடைக்கும். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் இயந்திரம், இரும்பு, கல் போன்றவற்றுக்குக் கயிற்றை நம்புவதற்கில்லை.

சுத்தியல், ஆப்பு, உருளும் பொருள்கள்

குழாய், டிரம், தாள் சுருள், இரும்புச் சுருள் போன்றவை உருளும். உருளும் பொருளுக்கு உராய்வு பற்றிய மேலே சொன்ன கணக்கு செல்லாது. முதலில் உருளாமல் தடுத்துவிட்டுத்தான் கட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆப்பு எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். முன்பக்கம் 0.8 பங்கு விசைக்கு உருளை ஆப்பைத் தாண்டாமலிருக்க, ஆப்பு அதைத் தொடும் இடத்தில் சரிவு குறைந்தது 39 டிகிரி இருக்க வேண்டும். 1 மீட்டர் விட்டமுள்ள சுருளுக்கு அந்தத் தொடும் புள்ளி தளத்திலிருந்து 11 சென்டிமீட்டர் உயரத்தில் வரும். பக்கவாட்டு 0.5 பங்குக்கு 27 டிகிரி, 5 சென்டிமீட்டருக்குச் சற்றே மேல். இது வெறும் எல்லைக்கோடு. இதற்கு மேல் தாராளமாக வைக்க வேண்டும். கையில் கிடைத்த செங்கல்லையோ சிறு கட்டையையோ அடியில் சொருகுவது ஏன் போதாது என்பது இந்த எண்களிலிருந்தே தெரியும்.

ஆப்பு தன் இடத்தில் நிற்பதும் அதே அளவு முக்கியம். மரத்தளத்தில் ஆணி அடித்து நிறுத்த வேண்டும். எதிரெதிர் ஆப்புகளைக் குறுக்குக் கட்டையால் இணைத்துத் தொட்டில் போலச் செய்தால் இன்னும் நல்லது. ஆணி அடிக்க முடியாத இரும்புத் தளத்தில் இந்தத் தொட்டில் கைகொடுக்கும். அதன் அடியிலும் ரப்பர் பாய்.

கிளம்பிய பிறகு ஏன் தளர்கிறது

நன்றாக இறுக்கிய பட்டை 50 கிலோமீட்டர் போவதற்குள் தொங்குவதைப் பார்த்தவர்கள் பட்டையின் தரத்தைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் லோடுதான் அமுங்கியிருக்கும்.

8 மீட்டர் நீளப் பட்டையை எடுத்துக்கொள்வோம். பாலியெஸ்டர் பட்டை தன் முழுத் திறனுக்கு இழுக்கப்பட்டால் ஏழு சதவீதம் வரை நீளலாம். 5 சதவீதம் என்று வைப்போம். 2,500 கிலோ திறனுள்ள பட்டையை 300 கிலோவுக்கு இறுக்கினால் அது நீண்டிருப்பது சுமார் 5 சென்டிமீட்டர்தான். 300 கிலோ இழுவிசை முழுதும் அந்த 5 சென்டிமீட்டர் நீட்சியில் அடங்கியிருக்கிறது. மூட்டைகளோ மரச்சட்டங்களோ குலுங்கி வெறும் 2 சென்டிமீட்டர் அமுங்கினால், பட்டையின் பாதை இரு பக்கமும் சேர்த்து 4 சென்டிமீட்டர் குறையும். மிஞ்சுவது 1 சென்டிமீட்டர் நீட்சி, அதாவது சுமார் 60 கிலோ. லோடு விரல் தடிமன் இறங்கியதற்கு, கட்டில் ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. சங்கிலி இந்த அளவுகூட நீள்வதில்லை என்பதால், அமுங்கக்கூடிய லோடின் மேல் போட்ட சங்கிலி சில மில்லிமீட்டரிலேயே தொய்ந்துவிடும். மரத்துக்கும் மூட்டைக்கும் பட்டை, அமுங்காத இயந்திரத்துக்குச் சங்கிலி என்ற வழக்கத்துக்கு இதுதான் காரணம்.

அமெரிக்க விதிகள் கிளம்பிய முதல் 50 மைலுக்குள், அதாவது சுமார் 80 கிலோமீட்டருக்குள், ஒருமுறை இறங்கிக் கட்டைப் பார்த்துச் சரிசெய்யச் சொல்கின்றன. அதன்பின் 150 மைலுக்கு ஒருமுறையோ 3 மணி நேரத்துக்கு ஒருமுறையோ, எது முதலில் வருகிறதோ அப்போது. முதல் சோதனை இவ்வளவு சீக்கிரம் வருவது மேலே சொன்ன கணக்கோடு பொருந்துகிறது: லோடு பெரும்பாலும் அமுங்குவது பயணத்தின் தொடக்கத்தில்தான். மழையில் நனைந்தாலும், மோசமான சாலையைக் கடந்தாலும், கடும் பிரேக் போட நேர்ந்தாலும் மறுபடி இறங்கிப் பார்ப்பது நல்லது. பார்ப்பது என்றால் கண்ணால் பார்ப்பது போதாது. ஒவ்வொரு பட்டையையும் கையால் தட்டிப் பார்க்க வேண்டும். இறுகிய பட்டை விண்ணென்று அதிரும், தளர்ந்தது சத்தமில்லாமல் உள்வாங்கும்.

அவிழ்க்கும் நேரம்

போய்ச் சேர்ந்தாயிற்று, வேலை முடிந்தது என்ற நினைப்பில் கை வேகமாகப் போகும் நேரம் இது. ஏற்றியபோது நேராக நின்ற லோடு வழியில் நகர்ந்து, இப்போது பட்டையின் மேல் சாய்ந்து நிற்கலாம். ராட்செட்டின் நாக்கை விலக்கிக் கைப்பிடியை முழுதும் விரித்தால் இழுவிசை மொத்தமும் ஒரே நேரத்தில் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும் வசதி சாதாரண ராட்செட்டில் கிடையாது. பட்டைதான் அந்த லோடைத் தாங்கிக்கொண்டிருந்தது என்றால், அடுத்த நொடி அது அவிழ்ப்பவர் மேல் வரும்.

ஆகவே முதல் பட்டையைத் தொடும் முன் லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். எந்தப் பட்டை மற்றவற்றைவிட விறைப்பாக இருக்கிறது, லோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பக்கப்பலகை வெளியே பிதுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏதாவது சாய்ந்திருந்தால் கிரேனோ ஃபோர்க்லிஃப்டோ வந்து லோடைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அந்தப் பட்டையை அவிழ்க்க வேண்டும். மறுபக்கத்தில் ஆள் யாரும் நிற்கவில்லை என்பதையும் குரல் கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டும்; லோடின் உயரம் மறைத்துவிடுவதால் அங்கே நிற்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

சரக்குக் கட்டுகளைச் சுற்றியிருக்கும் இரும்புப் பட்டைகளை வெட்டும்போது அதற்கென்று உள்ள வெட்டும் கத்தரியைத்தான் பயன்படுத்த வேண்டும், உளியையும் சுத்தியலையும் அல்ல. வெட்டுபவர் பட்டையின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த உறை. வெட்டியதும் அந்த இரும்பு நாடா இரு பக்கமும் கத்தி போல் சுழன்று வரும். அதன் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்கு வேறு யாரும் இருக்கக் கூடாது.